பக்கத்தில் நின்று கற்ற வைத்தியம்

கொடுங்கையூரில் கண் மஞ்சளானால் முதல் வைத்தியம் கீழாநெல்லிதான். எண்ணெய் சேர்க்காத சாப்பாடு, மோர்ச் சோறு, இளநீர் என்று இரண்டு வாரம் போகும். வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும் என்பதால் கீழாநெல்லிக்கு நல்ல பேர். வடியாத காமாலையும் உண்டு. உடம்பெல்லாம் அரிக்கும், சிறுநீர் கறுத்துப் போகும், மலம் வெளுக்கும். நடுநடுவே குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். பித்தப்பையிலிருந்து நழுவிய கல்லோ, கணையத்தின் தலைப்பகுதியில் வளர்ந்த கட்டியோ பித்தநாளத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அந்த அடைப்பை எடுத்தாக வேண்டும். எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை, வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ், மின்ட் என்று பஸ் பிடித்து ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முன்பெல்லாம் இதற்கு வயிற்றைத் திறப்பார்கள். நாளத்தைக் கீறிக் கல்லை எடுத்து, ரப்பர் குழாய் ஒன்றை வெளியே தொங்கவிட்டுப் பல நாள் படுக்க வைப்பார்கள். இப்போது வாய் வழியே குழாய் இறக்கி, சிறுகுடலின் முதல் வளைவிலேயே நின்று, நாளத்தின் வாயைச் சற்றே கீறிக் கல்லை இழுத்துவிடுகிறார்கள். பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம். துறைமுகத்தில் லாரி ஓட்டுபவருக்கும், மீன் கூடை தூக்கும் காசிமேட்டு அம்மாவுக்கும், கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் பொறுக்கிப் பிழைப்பவருக்கும் இந்த வித்தியாசம் ஒரு மாதச் சம்பளத்தின் வித்தியாசம்.

கருவியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அதைப் பிடிக்கத் தெரிந்த கை கடையில் கிடைக்காது. ஸ்டான்லியின் குடல்நோய்த் துறைகளைப் பற்றி இந்த மலருக்கு எழுதச் சொன்னபோது, அந்தக் கை எங்கே, எப்படி உருவாகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும் என்று எனக்குத் தோன்றியது.

ஸ்டான்லியின் கதையே வயிற்றில்தான் தொடங்குகிறது. ஹைதர் அலியின் படையெடுப்பும் பஞ்சமும் ஒன்றாக வந்த காலம். கிராமங்களிலிருந்து ஓடிவந்த ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் ஏற்பட்டதுதான் மணியக்காரர் சத்திரம். ஜான் அண்டர்வுட் என்ற கம்பெனி டாக்டர் 1799இல் ஏழைகளுக்கென ஒரு வைத்தியசாலையைத் தொடங்கினார். சத்திரமும் வைத்தியசாலையும் காலப்போக்கில் இணைந்தன. பழைய வண்ணாரப்பேட்டைப் பெரியவர்கள் வாயில் இன்றைக்கும் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். ராயபுரத்தில் நடந்துவந்த மருத்துவப் பள்ளி 1930களின் முற்பகுதியில் ஆளுநர் ஜார்ஜ் ஃப்ரெடெரிக் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது; 1938இல் கல்லூரியாக உயர்ந்தது. பசித்தவருக்குக் கஞ்சி, பிறகு நோயாளிக்கு மருந்து, பிறகு மாணவருக்குப் பாடம். இந்த வரிசையை நான் முக்கியமாக நினைக்கிறேன். நோயாளிகள் முதலில் வந்தார்கள். படிப்பு அவர்களைத் தேடி வந்தது.

ஊரின் நோய்தான் துறையை உண்டாக்கும் என்பதற்கு ஸ்டான்லியிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. அன்றைக்குப் பெரம்பூரில் பின்னி மில், எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., சந்துக்குச் சந்து லேத் பட்டறையும் பவர் பிரஸ்ஸும். விரல் நசுங்கி, கை பிய்ந்து வருபவர்கள் ஒவ்வொரு நாளும். அவர்களுக்காகவே 1971இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்காயங்களுக்கென்று தனிச் சேவையைத் தொடங்கினார். அது வளர்ந்து, கை அறுவைசிகிச்சைக்கும் மறுவாழ்வுக்குமான ஆராய்ச்சி நிலையமாக நின்றது. நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் டாக்டர்கள் அங்கே வந்து கற்றார்கள். 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. உலகத் தரத்தில் ஒரு பயிற்சிக்களம் அமைய, வசதியான நோயாளிகளும் பளிங்குத் தரையும் தேவையில்லை என்பதைப் பழைய ஜெயில் ரோட்டிலேயே நிரூபித்தவர் அவர்.

வயிற்று நோய்க்கு வருவோம். தமிழகத்தில் இதைத் தனித் துறையாக்கிய முன்னோடிகளில் டாக்டர் என். ரங்கபாஷ்யத்தின் பெயரை விட்டுவிட்டு எழுத முடியாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் குடல் அறுவைசிகிச்சைக்குத் தனித் துறை கண்டு, அதில் எம்.சிஎச். பட்டப்படிப்பையும் நிலைநிறுத்தினார். ஸ்டான்லியில் இரண்டு துறைகள் அடுத்தடுத்து வளர்ந்தன: மருந்தும் எண்டோஸ்கோப்பியும் பார்க்கும் துறை ஒன்று, அறுவைசிகிச்சைத் துறை ஒன்று. முதல் துறையில் பேராசிரியராக இருந்த டாக்டர் வி. ஜெயந்தி, தென்னாட்டுக்காரர்களின் பித்தப்பைக் கற்கள் வடக்கத்தியரின் கற்களிலிருந்து எப்படி வேறுபடுகின்றன என்ற கேள்வியில் நெடுங்காலம் உழைத்தவர்களில் ஒருவர். வடக்கே கொலஸ்ட்ரால் கற்கள் மிகுதி. இங்கே நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் கணிசம். வார்டில் எடுத்த கல்லைக் குப்பையில் போடாமல் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியதால் கிடைத்த அறிவு இது. அறுவைசிகிச்சைத் துறையில் டாக்டர் ஆர். சுரேந்திரன் தலைமையில், 2008இல் தமிழக அரசின் உறுப்புதானத் திட்டம் தொடங்கியதைத் தொடர்ந்து, கல்லீரல் மாற்று அறுவைசிகிச்சைகள் நடந்தன. தனியார் மருத்துவமனையில் பல லட்சம் ஆகும் சிகிச்சை, கஞ்சித்தொட்டியில் காசில்லாமல் நடந்தது.

ஸ்டான்லியின் எண்டோஸ்கோப்பி அறைக்கு எந்தெந்த நோய்கள் வருகின்றன என்று பார்த்தால் வடசென்னையின் வாழ்க்கை முழுவதும் தெரிந்துவிடும். சாராயத்தால் கல்லீரல் சுருங்கி, உணவுக்குழாயில் புடைத்த நரம்பு வெடித்து ராத்திரி பதினொரு மணிக்கு ரத்தவாந்தியோடு வருபவர். அவருக்கு ரப்பர் வளையம் போட்டு அந்த நரம்பைக் கட்ட வேண்டும். 1986 வாக்கில் ஸ்டீக்மன் என்ற அமெரிக்க அறுவைசிகிச்சை நிபுணர் கொண்டுவந்த முறை அது. அதற்கு முன் ஊசி மருந்து செலுத்தி நரம்பை உறைய வைப்பார்கள். வீட்டுச் சண்டையில், பரீட்சைத் தோல்வியில், கக்கூஸ் கழுவ வைத்திருக்கும் ஆசிடைக் குடித்துவிட்ட பிள்ளைகளும் வருகிறார்கள். உயிர் பிழைத்தாலும் சில வாரங்களில் உணவுக்குழாய் தழும்பாகிச் சுருங்கி, எச்சில்கூட இறங்காது. கம்பி விட்டு, அதன்மேல் குச்சிபோன்ற விரிப்பான்களை ஒன்றைவிட ஒன்று பெரிதாகச் செலுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்துவார்கள். ஒரே நாளில் ஆசைப்பட்டு அதிகம் விரித்தால் குழாய் கிழிந்துவிடும். எதிர்ப்பு தட்டுப்பட்ட பிறகு ஒரு தடவைக்கு மூன்று விரிப்பான்களுக்கு மேல் போகாதே என்பது உலகெங்கும் சொல்லித்தரும் விதி. மாதக்கணக்கில் வந்து போக வேண்டும். பெற்றவள் ஒவ்வொரு தடவையும் வாசலில் தூக்குச்சட்டியோடு காத்திருப்பாள், அன்றைக்குக் கஞ்சி இறங்குகிறதா பார்க்க.

இரைப்பைப் புற்றையும் சொல்ல வேண்டும். அடையாறு புற்றுநோய் நிலையம் 1982 முதல் நடத்திவரும் பதிவேட்டில், சென்னை ஆண்களுக்கு வரும் புற்றுகளில் இரைப்பைப் புற்று நெடுங்காலம் முன்வரிசையில் இருந்துவந்திருக்கிறது. ஜப்பானில் இதை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, மேல்தோலை மட்டும் எண்டோஸ்கோப்பி மூலம் உரித்தெடுத்துவிடுகிறார்கள். நம்மூரில் பலர் வரும்போதே இரைப்பையின் வாசல் அடைத்து, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகும் கட்டம். அப்போது செய்ய முடிவது கம்பிவலை ஸ்டென்ட் ஒன்றை வைத்துக் கடைசி மாதங்களில் சோறாவது இறங்கச் செய்வதுதான். சீக்கிரம் கண்டுபிடிக்கும் கண்ணும் பயிற்சியில் வருவதே. அரை சென்டிமீட்டர் அளவுக்கு நிறம் மாறிய இடத்தைத் தாண்டிப் போகாமல் நிற்பதற்கு, அப்படிப்பட்ட இடங்களை யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று பலமுறை காட்டியிருக்க வேண்டும்.

எண்டோஸ்கோப் என்ற இந்தக் கருவியின் கதையில் ஓர் இந்தியர் நடுவில் நிற்பது பலருக்குத் தெரியாது. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் தன் வழிகாட்டி ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைக் கற்றை வளைந்தாலும் அதன் வழியே உருவத்தைக் கடத்தலாம் என்று 1954இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அதைப் படித்த பசில் ஹிர்ஷோவிட்ஸ் மிச்சிகனில் 1957இல் வளையும் எண்டோஸ்கோப்பைச் செய்து, முதலில் தன் தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்தார். அதற்கு முன் இருந்தவை விறைத்த குழாய்களோ பாதி மட்டும் வளையும் குழாய்களோதான். 1868இல் குஸ்மால் என்ற ஜெர்மானியர் வாள் விழுங்கும் வித்தைக்காரரை வைத்துத்தான் சோதிக்க முடிந்தது. 1968இல் அமெரிக்காவில் மெக்கியூன் பித்தநாள வாயில் சாயம் செலுத்திப் படமெடுத்தார். ஈஆர்சிபி என்ற முறை அப்படித்தான் பிறந்தது. 1974இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் கிளாசனும் டெம்லிங்கும், ஜப்பானின் கியோட்டோவில் கவாயும் தனித்தனியே நாள வாயைக் கீறும் முறையை வெளியிட்டார்கள். பித்தநாளத்தைப் பார்க்க மட்டும் இருந்த ஈஆர்சிபி சிகிச்சையாகவும் மாறியது அப்போதுதான். சில ஆண்டுகளில் ஹாம்பர்க்கில் நிப் சோஹேந்திரா அடைபட்ட நாளத்துக்குள் பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தார். இந்தோனேசியாவில் பிறந்த அவரிடம் கற்க உலகமே ஹாம்பர்க் போனது.

அப்படித்தான் இந்த வித்தை பரவியது. இன்னாரிடம் இருந்தேன், இன்னார் யூனிட்டில் ஒரு வருஷம் நின்றேன் என்றுதான் எண்டோஸ்கோப்பி டாக்டர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்வார்கள். நம் நாட்டில் ஹைதராபாதின் ஏஐஜி மருத்துவமனை அதற்குப் பெரிய களமானது. அதை நிறுவிய டாக்டர் டி. நாகேஸ்வர ரெட்டி, பொதுமருத்துவ மேற்படிப்பை நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் முடித்து, பிறகு சண்டிகரில் டி.எம். படித்தவர். பத்மஸ்ரீ, பத்மபூஷண், 2025இல் பத்மவிபூஷண் என்று மூன்றும் பெற்றவர். அவரிடம் கற்றுத் திரும்பியவர்கள் தமிழகத்தின் பல ஊர்களில் இருக்கிறார்கள்.

எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று, டி.எம். மூன்று. இதற்கு மேலும் எதற்கு ஒரு வருட ஃபெல்லோஷிப் என்று பெற்றோரே கேட்பதுண்டு. டி.எம். படிப்பில் ஓ.பி.யும் வார்டும் கல்லீரல் நோயும் நிறையப் பழகலாம். சாதாரண எண்டோஸ்கோப்பி கைக்கு வந்துவிடும். ரத்தம் நிறுத்தவும் தெரிந்துவிடும். ஈஆர்சிபியும், எண்டோஸ்கோப்பின் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பதும், ஜப்பானிய டாக்டர் இனோவே 2008இல் முதன்முதலில் மனிதருக்குச் செய்த உணவுக்குழாய்த் தசை அறுப்பும் அப்படி வருவதில்லை. எத்தனை முறை செய்தால் கை வரும் என்பதை அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் 17 பயிற்சி மருத்துவர்களைப் பின்தொடர்ந்து கணக்கிட்டு 1996இல் வெளியிட்டார்கள். குறைந்தது 180 ஈஆர்சிபி என்று வந்தது. 180 முடித்தால் நிபுணர் என்று இதற்குப் பொருள் இல்லை. அதற்குப் பிறகுதான் திறமையை எடை போடவே ஆரம்பிக்கலாம். மூன்று நாள் வொர்க்‌ஷாப்பில் திரையில் பார்த்துவிட்டுச் சான்றிதழ் வாங்கி வருவதைப் பயிற்சி என்று சொல்வது நோயாளிக்குச் செய்யும் அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வொர்க்‌ஷாப்பில் பெரிய கைகள் வேலை செய்வதைப் பார்க்கலாம், அதில் பயன் உண்டு. கற்பவரின் கை அங்கே சும்மாதான் இருக்கிறது.

அந்த அறைக்குள் என்ன நடக்கிறது? ஈய ஏப்ரனின் கனம் தோளை அழுத்தும். நோயாளி குப்புறப் படுத்திருப்பார், முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கும். ஈஆர்சிபி குழாயின் கண் நுனியில் இல்லை, பக்கவாட்டில் இருக்கும். எனவே போகும் பாதை நேராகத் தெரியாது, பழக்கத்தால் போக வேண்டும். சிறுகுடலின் இரண்டாம் பகுதியில் சுவரை ஒட்டிச் சின்ன மொட்டு ஒன்று தெரியும். அதுதான் வாசல். உள்ளே இரண்டு நாளங்கள்: கடிகார முகத்தை நினைத்துக்கொண்டால் பதினொரு மணிப் பக்கம் பித்தநாளம், ஒரு மணிப் பக்கம் கணையநாளம். கம்பி மேலே ஏறி முதல் நாளத்துக்குள் போக வேண்டும், இரண்டாவதைத் தொந்தரவு செய்யவே கூடாது. இடது கைக் கட்டைவிரல் பெரிய சக்கரத்தில், வலது கை குழாயில், உடம்பே லேசாகத் திரும்பினால் உள்ளே நுனி திரும்பும். பக்கத்தில் நிற்கும் சீஃப் கையைத் தொடமாட்டார். “தள்ளாதே. காத்திரு. மூச்சு விடட்டும். இப்போ கொஞ்சம் மேலே” என்று குரல் மட்டும் வரும். கம்பி நழுவி மேலே ஏறி, எக்ஸ்ரே திரையில் கல்லீரல் பக்கம் போவது தெரிந்தால் அறையே மூச்சு விடும். கீறியதும் கறுத்த பச்சையில் பித்தம் பீறிட்டு வரும், சமயத்தில் சீழும்.

சீஃப் எப்போது குழாயை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஐந்து முறைக்கு மேல் மொட்டைத் தொட்டாயிற்று, ஐந்து நிமிடம் தாண்டிவிட்டது, ஒரு தடவைக்கு மேல் கணையநாளத்துக்குள் போய்விட்டது: இதில் எது நேர்ந்தாலும் அது கடினமான கேஸ் என்று ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கம் 2016இல் வரையறுத்தது. காரணம், கணையம் மிகச் சீக்கிரம் கோபித்துக்கொள்ளும் உறுப்பு. நல்ல கைகளிலேயே நூறு ஈஆர்சிபியில் மூன்று முதல் பத்துப் பேருக்குக் கணைய அழற்சி வருகிறது. சிலருக்கு அது உயிருக்கே ஆபத்து. ஆசனவாய் வழியே வைக்கும் இண்டோமெத்தசின் மாத்திரை இந்த ஆபத்தைக் கணிசமாகக் குறைக்கிறது என்று 2012இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆபத்து அதிகமுள்ளவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு வந்தது ஒன்பது பேருக்குக் குறைந்தது. அது விலை குறைந்த மருந்து. பெரிய முன்னேற்றம் எல்லாமே பெரிய மெஷினில் வருவதில்லை.

டாக்டரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் சிஸ்டரையும் டெக்னீஷியனையும் மறந்ததாகிவிடும். கம்பியைத் தள்ளுவதும் இழுப்பதும் பல நேரம் அவர்கள் கையில்தான். இருவர் கையும் ஒரே தாளத்தில் போகாவிட்டால் கம்பி வெளியே வந்துவிடும். கேஸ் முடிந்ததும் குழாயின் உட்புறமெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்து, என்சைம் கரைசலில் அலசி, குளூட்டரால்டிஹைடில் ஊறவைத்து, கழுவிக் காற்றடித்துக் காயவைத்துத் தொங்கவிட வேண்டும். ஈஆர்சிபி குழாயின் நுனியில் உள்ள சின்னஞ்சிறு நெம்புகோலின் அடியில் அழுக்கு தங்கும். 2015இல் லாஸ் ஏஞ்சலீஸின் பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையிலேயே அந்த இடத்தில் தங்கிய கிருமியால் நோயாளிகள் இறந்தார்கள். ஒரு நாளில் பல கேஸ் பார்க்கும் அரசு மருத்துவமனையில் அந்தத் தொட்டியின் முன் நிற்பவரின் பொறுமையை நான் டாக்டரின் திறமைக்கு இணையாக வைக்கிறேன். ஃபெல்லோவாக வருபவர் முதல் மாதம் அந்தத் தொட்டியருகே நின்று கழுவப் பழகட்டும்.

வடசென்னைக்கு வேண்டியது, இப்படிப்பட்ட ஒரு வருடப் பயிற்சி அரசு மருத்துவமனைகளில் பலமாக வேர்விடுவது. தனியார் மையங்களில் கற்றவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களில் பலர் அரசுப் பணிக்குத் திரும்பி வந்தவர்கள்தான். ஆனால் நோயாளிகள் எங்கே திரளாக வருகிறார்களோ, நோய் எங்கே முற்றி வருகிறதோ, அங்கேயே கை பழகினால் அந்த நோயின் சுபாவமே கைக்குத் தெரியும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012இல் வந்ததிலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கே சிகிச்சைக்கான பணம் ஒரு பகுதி திரும்ப வருகிறது. அதிலிருந்து கம்பியும் பலூனும் வாங்க முடிகிறது. பெரியார் நகரில் 2025இல் திறந்த புதிய அரசு மருத்துவமனையும் கொடுங்கையூர்க்காரர்களுக்கு இன்னொரு வாசல். வாசல் கூடும்போது உள்ளே நிற்கும் கைகளும் கூட வேண்டும்.

இந்த மலரைப் படிக்கும் முன்னாள் மாணவர்களும் கொடையாளர்களும் கட்டடத்துக்குக் கல்வெட்டு வைப்பதைக் காட்டிலும் மூன்று காரியங்களுக்குப் பணம் தரலாம். முதலாவது, பயிற்சிக்கு வரும் இளம் டாக்டருக்கு அந்த ஒரு வருடம் தனியார் ட்யூட்டிக்கு ஓடாமல் இருக்கும் அளவுக்கு உதவித்தொகை. அடுத்தது, குழாய் ரிப்பேருக்குப் போனாலும் கேஸ் நிற்காதபடி கூடுதலாக ஒரு ஈஆர்சிபி குழாய். கடைசியாகச் சொல்வதைத்தான் நான் முதலில் கேட்பேன்: ஸ்டென்ட் பதிவேடு.

பிளாஸ்டிக் ஸ்டென்ட் நிரந்தரமானது அல்ல. சுமார் மூன்று மாதத்தில் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். விட்டால் அதிலேயே பித்தச் சேறு படிந்து அடைத்து, கல் கட்டி, சீழ் பிடித்து, முதலில் வந்ததைவிட மோசமாகத் திரும்பி வருவார்கள். காமாலை வடிந்து, பசி எடுத்து, வேலைக்குப் போக ஆரம்பித்த மனிதருக்கு உள்ளே ஒரு குழாய் இருப்பதே நினைவில் இருக்காது. போன் நம்பர் மாறிவிடும், வீடு மாறிவிடும், அரசுக் குடியிருப்பில் வீடு கிடைத்துப் பெரும்பாக்கம் போயிருப்பார். டிஸ்சார்ஜ் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியதை யார் படித்துச் சொல்வது? வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி, இரண்டு போன் நம்பர், பக்கத்து மருந்துக்கடை அல்லது ரேஷன் கடையின் பெயர் என்று பதிவேடு ஒன்றும், நோயாளியின் கையில் தமிழில் கொட்டை எழுத்தில் மஞ்சள் அட்டை ஒன்றும், பத்தாவது வாரம் கூப்பிட்டு நினைவுபடுத்த ஓர் ஆளும் போதும். கொடுங்கையூர், எருக்கஞ்சேரி, மூலக்கடை, வியாசர்பாடி கிளினிக்குகளில் உட்கார்ந்திருக்கும் டாக்டர்களான நாமும், காய்ச்சலுக்கோ சர்க்கரைக்கோ வருபவரிடம் “அந்த மஞ்சள் அட்டை இருக்கா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, தேதி தாண்டியிருந்தால் அன்றைக்கே ஸ்டான்லிக்கு அனுப்பிவிடலாம்.